பூட்டிய வீட்டு முகவரி

நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி. நாலரைக்குள் அந்தப் பெண்ணைக் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். இப்போது மணி ஒன்றே முக்கால். அவள் சொல்வதில் பாதியை நான் நம்பவில்லை. எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை.

யார் பேச்சையும் முழுசாக நம்பும் பழக்கம் எனக்கு இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டுச் சைக்கிள் ஏறியவன், முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்தேன். ஓய்வு பெற்றதும் துப்பறியும் போர்டு மாட்டினேன். இரண்டும் ஒரே வேலைதான். அடுத்தவன் வாசலில் நின்று பெல் அடிக்க வேண்டும், கதவைத் திறக்கிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

என் உதவியாள் என் மச்சினி, மனைவியின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் ஹெட்போன் மாட்டியவள். அடுத்தவர் பேச்சைக் கேட்காமல் இருந்தால் அவளுக்குத் தலை வலிக்கும். அதனால் என்னோடு ஒட்டிக்கொண்டாள்.

வழக்கைக் கொண்டுவந்தவர் எங்கள் அறைக்குக் கீழே சலூன் வைத்திருப்பவர். தங்கையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவர். அவள் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் முதுகலை கடைசி வருஷம். தங்கை என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், கத்தரிக்கோலை நிறுத்தாமல், "கம்பிக்குள்ள போறதைப் பத்தி" என்பார். இப்போது கல்லூரிக் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். தங்கை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றேன். "நான் எட்டாவது. எனக்குப் புரியிற மாதிரி."

"அத்தான் எட்டாவதுல ரெண்டு தடவை உக்காந்தவரு," என்றாள் மச்சினி. "நீயும் ரெண்டு தடவை சொல்லிடு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பன்னெண்டாம் தேதி, பகல் பன்னெண்டு மணிக்குள்ள எல்லாரும் ஆய்வேட்டை டிபார்ட்மெண்ட் சர்வர்ல ஏத்தணும். நான் முந்தின நாளே ஏத்திட்டேன். மத்தவங்க ஏத்திக்கிட்டிருக்கும்போது, பதினொன்னு நாப்பதுக்குச் சர்வர் படுத்துடுச்சு."

"அதுக்கு என்ன காய்ச்சலா?"

"ரெண்டு கம்ப்யூட்டர் பேசணும்னா முதல்ல ஒண்ணு 'பேசலாமா'ன்னு கேக்கணுங்க. சர்வர் 'பேசலாம், நீ இருக்கியா'ன்னு பதில் போட்டுட்டு, அதுக்குன்னு ஒரு நாற்காலியை ஒதுக்கிக் காத்திருக்கும். 'இருக்கேன்'னு மூணாவது சேதி வந்தாத்தான் பேச்சு ஆரம்பம். அன்னைக்கு யாரோ 'பேசலாமா, பேசலாமா'ன்னு லட்சக்கணக்குல அனுப்பிட்டு, மூணாவது சேதியை அனுப்பவே இல்ல. நாற்காலி எல்லாம் நிறைஞ்சுபோச்சு. நிஜமா வந்தவங்களுக்கு இடமில்ல."

"போன் பண்ணிட்டுப் பேசாம மூச்சு மட்டும் விடுவானுங்களே, அந்த மாதிரி," என்றாள் மச்சினி. "எங்க எக்ஸ்சேஞ்சுல ஒருத்தன் இருந்தான். மூச்சை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சேன். ஆஸ்துமா."

"அனுப்பினது யாருன்னு பாத்தா, எல்லாத்துலயும் என் கம்ப்யூட்டர் நம்பர். நாப்பத்தேழு. மத்தவங்க ஏத்த முடியாமப் போனா டாக்டர் பட்டத்துக்கு இருக்கிற ஒரே சீட்டு எனக்குத்தான் வரும், அதுக்காகப் பண்ணிட்டேன்னு சொல்றாங்க."

எனக்கு இதில் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. "அனுப்புநர் முகவரியை எவன் வேணா எப்படி வேணா எழுதலாமேம்மா. தபாலாபீஸ்ல பெறுநரை மட்டும்தான் பாப்போம். அனுப்புநர் இடத்துல மந்திரி பேரை எழுதிப் போட்டாலும் லெட்டர் போய்ச் சேரும்."

"இங்கயும் அப்படித்தாங்க. நெட்வொர்க் போற இடத்தைத்தான் பாக்கும், வந்த இடத்தைப் பாக்காது. எங்க துறைத்தலைவர் இதை ரெண்டாவது வாரமே நடத்திட்டாரு."

"அப்புறம் என்ன? அவருக்கே தெரியுமே."

"தெரிஞ்சதாலதான் என் பதிவைக் கேட்டாரு." அவள் குரல் இறங்கியது. "என் ஆய்வே அதுதாங்க. முப்பது நாள் இடைவிடாம, என் கம்ப்யூட்டருக்கு வர்ற ஒவ்வொரு சேதியையும் பதிவு பண்ணியிருக்கேன். யாராவது என் முகவரியைப் பொய்யா எழுதியிருந்தா, சர்வர் போட்ட பதில் எல்லாம் என்கிட்ட வந்திருக்கணும். பதிவுல ஒண்ணுகூட இல்ல. நான் செஞ்சுட்டு, தடயத்தை வெட்டிட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"வெட்டினியா?"

"இல்ல." கண்ணைப் பார்த்துச் சொன்னாள். இது உண்மை.

மச்சினி டீ கிளாஸைத் தள்ளிவைத்தாள். "நாம கூப்பிடாத ஆளு நமக்குப் பதில் சொன்னா, 'ராங் நம்பர், போனை வைங்க'ம்போம். உன் கம்ப்யூட்டருக்கு அந்த மரியாதை தெரியுமா?"

"தெரியுங்க. நான் கேக்காத பதில் வந்தா, 'நான் கூப்பிடவே இல்ல'ன்னு உடனே திருப்பி அனுப்பும். சர்வரும் அந்த நாற்காலியைக் காலி பண்ணிடும்."

"அன்னைக்கு அனுப்பிச்சா?"

"இல்ல. அனுப்பியிருந்தா சர்வர் படுத்திருக்காது. அதையும் நான்தான் வாயைக் கட்டி வெச்சேன்னு சொல்றாங்க."

எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. நான் தபால் கொடுத்த தெருவில் மொட்டைக் கடிதம் எழுதும் ஒரு பல் டாக்டர் இருந்தார். வேண்டாதவர்களைப் பற்றி எழுதுவார், அனுப்புநர் இடத்தில் யாராவது ஒருவர் விலாசத்தைப் போட்டுவிடுவார். கடிதம் திரும்பினால் அந்த வீட்டுக்காரன் பிரித்துப் பார்த்து ஊரைக் கூட்டிவிடுவானே? அதற்காக மனிதர் எப்போதும் பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் தேர்ந்தெடுப்பார். எந்தெந்த வீடு பூட்டியிருக்கிறது என்று என்னிடமே விசாரிப்பார். அப்படித்தான் பிடித்தேன்.

நாற்பத்தேழு வாயைத் திறக்கவில்லை என்றால், ஒன்று வாயைக் கட்டியிருக்க வேண்டும். இல்லை, வீடு பூட்டியிருக்க வேண்டும்.

"பன்னெண்டாம் தேதி காலைல உன் கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு..."

"ஓடுச்சுங்க. முழுக்க ஓடுச்சு."

நான் கேள்வியை முடிக்கவே இல்லை.

*

லேப் இரண்டாவது மாடியில். ஐம்பது கம்ப்யூட்டர், ஒரே இரைச்சல். பொறுப்பில் இருந்த அம்மாள் எங்களைக் கரப்பான்பூச்சி போலப் பார்த்தார். மச்சினி அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உங்களுக்கும் முதுகு வலியா?" என்று ஆரம்பித்தாள். ஐந்தே நிமிஷத்தில் அந்த அம்மாள் சாவிக் கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டார்.

நாற்பத்தேழு ஜன்னலோரக் கடைசி மேஜை. திரையில் நம்பர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் எனக்கு வேலை இல்லை. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன்.

"அத்தான், மூட்டு பிடிச்சுக்கும். அப்புறம் உங்களைத் தூக்க நாலு பேரைக் கூப்பிடணும்."

"நீயும் குனிஞ்சு பாரு."

குனிந்தாள். சுவர் ஓரமாக வரிசையாகப் பிளக்குகள். எல்லாவற்றின் மேலும் ஒரே அளவுக்குத் தூசி படிந்திருந்தது. நாற்பத்தேழின் பிளக்கில் மட்டும் இரண்டு விரல் வைத்த தடம் பளிச்சென்று இருந்தது.

"இங்க கூட்டிப் பெருக்க மாட்டாங்களா?" என்று மச்சினி நிமிர்ந்தபடி கேட்டாள்.

"மேஜைக்கு அடியில யாரும் போகக் கூடாது. கேபிள் கழண்டுடும்னு பிள்ளைங்க சண்டைக்கு வருவாங்க," என்றார் அந்த அம்மாள்.

"கரண்ட் போனா?"

"யுபிஎஸ் மூணு மாசமா ரிப்பேரு. ஆனா பன்னெண்டாம் தேதி கரண்ட் போகல. அதைக் கமிட்டியே கேட்டுட்டாங்க."

"அன்னைக்குக் காலைல இந்த மேஜைல யாரு?"

"யாருமில்ல. அந்தப் பொண்ணு மாடியில அவங்க கைடு மேடம் ரூம்ல இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். "அவங்க அண்ணன் வந்திருந்தாரு. பாவம், சாப்பாட்டுப் பையோட இங்கதான் உக்காந்திருந்தாரு. கீழ உக்கார வெக்க மனசு வரல."

மச்சினி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கமிட்டிக்குக் குடுத்த பேப்பரெல்லாம் உங்ககிட்ட இருக்காம்மா?"

இருந்தது. கட்டாக எடுத்துக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். பக்கத்துக்குப் பக்கம் படம், அம்புக்குறி, கட்டம். இதை முழுக்கப் படித்த கமிட்டிக்காரர்கள் அஞ்சு பேர், எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். எனக்கு அதில் படிக்கத் தெரிந்தது தேதியும் மணியும் மட்டும்தான். தபால் வேலையில் அதுதான் பழக்கம். உறையில் யார் என்ன எழுதியிருந்தாலும் முதலில் முத்திரையைப் பார்ப்பேன்.

சர்வரின் தாளில் முதல் 'பேசலாமா' வந்த மணி பதினொன்று நாற்பது. இன்னொரு தாள், சர்வரில் ஏற்ற முடியாமல் போன ஒரு பையன் புகாரோடு இணைத்தது. வகுப்பில் எல்லாரும் அவனை 'முதல் ரேங்க்' என்றுதான் கூப்பிடுவார்களாம். "அவன் நாப்பத்தேழைத் தட்டிப் பாத்தானாம், 'நிறுத்து'ன்னு சொல்றதுக்கு. பதிலே வரலையாம். வாயைக் கட்டி வெச்சதுக்கு அதுதான் சாட்சி," என்றார் அந்த அம்மாள். அந்தத் தாளிலும் மணி போட்டிருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டருங்க கடிகாரமெல்லாம் ஒரே மாதிரி ஓடுமா?"

"எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பாத்துத் திருத்திக்கும். ஒரு செகண்டு பிசகாது."

இரண்டு தாளையும் ஜெராக்ஸ் கேட்டேன்.

*

சலூன்காரர் கேன்டீனிலேயே இருந்தார். தங்கை நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"பன்னெண்டாம் தேதி லேபுக்கு வந்தீங்களா?"

"ஆமா பெரியவரே. சாப்பாட்டுப் பையை மறந்துட்டுப் போயிட்டா."

"வந்து என்ன செஞ்சீங்க?"

"உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு முக்கால் மணி இருக்கும். பதினொன்னு பத்துக்கு வந்தேன். பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள கடையைத் திறக்கணும்னு எழுந்துட்டேன்."

"முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டா?" என்றாள் மச்சினி. "நான் ரெண்டு நிமிஷம் சும்மா இருந்தாலே போனை எடுத்துடுவேன்."

"எங்கங்க, போன் செத்துப் போச்சு. கல்யாண மாப்பிள்ளை ஒருத்தர் நேரம் சொல்றேன்னு இருந்தாரு. அதான் சார்ஜ்..." அவர் நிறுத்தினார்.

"எந்த ஓட்டையில சொருகினீங்க?"

"மேஜைக்கு அடியில ஒண்ணு இருந்துச்சு."

"அது காலியாவா இருந்துச்சு?"

கலக்கிக்கொண்டிருந்த ஸ்பூன் நின்றது. "டிவி மாதிரி ஒண்ணு சும்மா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஆளில்லாம எதுக்குக் கரண்டை வீணாக்கணும்னு பிடுங்கினேன். போறப்ப மறக்காம மாட்டிட்டேன் பெரியவரே. நான் மாட்டினதும் அதுவே எழுந்து ஓட ஆரம்பிச்சிடுச்சு. நல்ல மெஷினு."

"நல்ல மெஷினுதான்," என்றேன்.

வீடு பூட்டித்தான் இருந்திருக்கிறது. சாவி எங்கள் கட்சிக்காரர் பையில். ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. நாற்பது நிமிஷம் செத்துக் கிடந்த மெஷின், அந்த நாற்பது நிமிஷமும் எப்படிப் பதிவு செய்துகொண்டிருந்தது?

தங்கையின் மேஜைக்குப் போனேன். அவள் எழுந்து நின்றாள்.

"உக்காரு. அந்த நாப்பது நிமிஷத்தை எங்கேருந்து எடுத்தே?"

முகம் சுண்டைக்காயாகச் சுருங்கியது.

"முந்தின நாள்லேருந்து," என்றாள். "பன்னெண்டாம் தேதி சாயந்திரம் பாத்தேன், நடுவுல ஓட்டை. கரண்ட் கட்டுன்னு நினைச்சேன். ஆய்வேட்டுல முதல் பக்கத்துலயே 'இடைவிடாத முப்பது நாள்'னு எழுதி ஏத்தியாச்சு. முப்பதாவது நாள் அன்னைக்குத்தான், பதிவை மறுநாள் ஒப்படைக்கணும். அதனால பதினொன்னாம் தேதியில அதே நேரத்தை எடுத்து, தேதியை மாத்தி ஒட்டிட்டேன். ஒவ்வொரு வரியா மாத்தினேங்க. ஒரு பிசிறு இல்லாம."

"அஞ்சு டாக்டருங்க பாத்தும் தெரியலையே," என்றாள் மச்சினி. "உனக்குத்தான் முதல் ரேங்க் குடுத்திருக்கணும்."

"ரெண்டு நாள் கழிச்சு என் மேல புகார் வருது. மெஷின் அணைஞ்சிருந்துச்சுன்னு சொன்னா நான் தப்பிச்சிடலாம். ஆனா சொன்னா, பதிவு பொய்யின்னு ஆகும். அது இதைவிடப் பெரிய அசிங்கம்."

"கல்லூரியை விட்டுத் துரத்துறதை விடவா?"

"ஆய்வு பண்ற எங்க ஆளுங்களுக்கு ஆமாங்க," என்றாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பின்னால் சலூன்காரர் வந்து நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு கேட்டாரோ. "நான் பிடுங்கினதாலயா?" என்றார். அவள் அண்ணனைப் பார்த்தாள், பிளக்கைப் பிடுங்கிய கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மணி மூன்று ஐம்பது.

"நான் எதையும் சொல்லப்போறதில்ல," என்றேன். "என் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன். நீ சொல்லணும். சொல்லலேன்னா நாலரைக்குப் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்."

*

நீள மேஜை. அந்தப் பக்கம் அஞ்சு பேர், நடுவில் துறைத்தலைவர். ஓரமாக முதல் ரேங்க், இஸ்திரி போட்ட சட்டை. எங்களை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். "குடும்பத்தார்" என்று சொல்லிக்கொண்டே மச்சினி போய் உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

"ஏதாவது சொல்லணுமா?" என்றார் துறைத்தலைவர்.

அந்தப் பெண் எழுந்தாள். நாற்பது நிமிஷம் மெஷின் அணைந்திருந்தது என்றாள். அந்த இடத்தில் தான் ஒட்டியதைச் சொன்னாள். பதினொன்றாம் தேதியையும் பன்னிரண்டாம் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வரிக்கு வரி ஒன்றாக இருக்கும் என்றாள். ஒருவர் லேப்டாப்பைத் திறந்து அங்கேயே வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

துறைத்தலைவர் முகம் வெளுத்துப்போனது. லட்சக்கணக்கான பொய்ச் சேதி வந்து சர்வர் படுத்தபோதுகூட மனிதர் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டார். "பதிவை மாத்தினியா?" என்றார். "பதிவையா?"

"சார், இதையும் எப்படி நம்பறது?" என்றான் முதல் ரேங்க். "தப்பிக்கிறதுக்காக இப்ப அணைஞ்சிருந்துச்சுன்னு சொல்றா."

"அவளை நம்ப வேணாம் தம்பி," என்றேன். "நானும் நம்பல. உன்னை நம்பறேன்." ஜெராக்ஸை மேஜைமேல் வைத்தேன். "நீ நாப்பத்தேழைத் தட்டிப் பாத்தே, பதில் வரல. அப்படித்தானே?"

"ஆமா. அதை நிறுத்தச் சொல்றதுக்காகத் தட்டினேன்."

"எத்தனை மணிக்கு?"

"அதுலயே போட்டிருக்குமே."

"போட்டிருக்கு. எனக்கு இங்கிலீஷ் வராது, நம்பர் வரும். பதினொன்னு முப்பத்தஞ்சு. சர்வருக்கு முதல் சேதி வந்தது பதினொன்னு நாப்பது. இன்னும் போடவே போடாத லெட்டரை நிறுத்தச் சொல்லி, அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய்க் கதவைத் தட்டியிருக்கே."

அஞ்சு பேரும் ஒரே நேரத்தில் தாளுக்குக் கை நீட்டினார்கள்.

"இவர் தட்டின கதவு அது ஒண்ணு மட்டுமா இருக்காதுங்க," என்றாள் மச்சினி. "லேப்ல இருக்கிற அம்பது கதவையும் தட்டியிருப்பாரு. எது வாயைத் திறக்கலையோ அந்த விலாசம்தானே வேணும்? மத்த நாப்பத்தொம்பதும் 'ராங் நம்பர்'னு கத்திக் காரியத்தைக் கெடுத்துடும்."

முதல் ரேங்க் தாளைப் பார்த்தபடி இருந்தான். பிறகு தானாகவே பேசினான், பாடம் ஒப்பிப்பது போல. "கடைசி அத்தியாயம் முடியல சார். ரெண்டு நாள் தேவைப்பட்டுச்சு. சர்வர் படுத்தா எல்லாருக்கும் தேதி தள்ளிப் போகும்னு... அந்த நம்பர் இவளோடதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. பதில் சொல்லாத நம்பர், அவ்வளவுதான்."

"புகார் குடுக்கும்போது தெரிஞ்சுதே," என்றேன்.

பொய்யை ஒவ்வொரு வரியாகத் தேதி மாற்றி ஒழுங்காகச் செய்தவள் மாட்டிக்கொண்டாள். மணியைக்கூட மாற்றாத சோம்பேறியை அஞ்சு டாக்டர்கள் சாட்சியாக உட்கார வைத்திருந்தார்கள். இவர்களை நம்பித்தான் பாங்கும் ஆஸ்பத்திரியும் கம்பியில் ஓடுகின்றன.

எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம். சலூன்காரர் வராந்தாவில் ஒரே இடத்தில் நின்றார். மறுபடி கூப்பிட்டார்கள். முதல் ரேங்க் விஷயம் மேலிடத்துக்குப் போகிறது. அந்தப் பெண்ணின் மேல் இருந்த புகார் தள்ளுபடி. ஆனால் ஆய்வேடு திரும்பி வருகிறது, டாக்டர் பட்ட சீட்டுக்கு இந்த வருஷம் அவள் பெயர் போகாது. பதிவில் ஒட்டிய பகுதியை எடுத்துவிட்டு, ஓட்டையை ஓட்டையாகவே காட்டி, காரணத்தையும் எழுதி, ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும்.

"காரணம் என்ன எழுதட்டும் சார்?" என்றாள் அவள். "மின் தடைன்னு எழுதலாமா?"

"மின் தடை இல்லையே," என்றார் துறைத்தலைவர். "நடந்ததை எழுது."

அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். இங்கிலீஷில் ஏதோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். சலூன்காரர் ரொம்ப நேரம் தள்ளியே நின்றுவிட்டு, மெதுவாகப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என் பேரு அந்தப் புத்தகத்துல வருமா?"

"பேரெல்லாம் வராது," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "அண்ணன்னு மட்டும்தான் போட்டிருக்கேன்."